சவுனாவின் மேல் விழுந்த பழி

அத்தியாயம் 17

அர்வோ நிஸ்கலாவின் குடும்பத்தில் மூன்று பேர். வேலை செய்யும் சிறுநீரகங்கள் நான்கு. மகள் லோர்னாவிடம் இரண்டு, அர்வோவிடம் ஒன்று, மகன் வெய்னிடம் ஒன்று. வெய்னிடம் இருப்பதும் அர்வோவினுடையதுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இருபத்து நாலு வயதுப் பையன் கண்ணெதிரே முகம் வீங்கி, கால் வீங்கி உட்கார்ந்திருந்தபோது, "எடுத்துக்கோங்க" என்று ஒரே வார்த்தையில் கொடுத்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. வேறு யாராவது எடுத்தால் எழுந்து போய் விறகு பிளப்பார்.

கணக்கை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இன்று சாயங்காலத்துக்குள் அது மாறப்போகிறது.

அர்வோவின் வயிற்றுக்குள்ளே பெருந்தமனி உப்பிக்கொண்டிருந்ததும், அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், கடையில் கிடைக்கும் சாதாரணக் குழாய் ஒன்றை உள்ளே வைத்தால் மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த வழி அடைபட்டுவிடும் என்று எல்லோரும் கையைப் பிசைந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதனால்தான் அவருக்கென்று அளவெடுத்து, சட்டைக்குக் காஜா எடுப்பதுபோல் சரியான இடத்தில் ஓட்டை விட்டு, கடல் கடந்து ஒரு குழாய் தைத்து வரவழைத்தார்கள். தொடை வழியாக அதை ஏற்றி, ஓட்டை வழியே சிறுநீரகத் தமனிக்குள் பென்சில் பருமனில் ஒரு குட்டிக் குழாயையும் செருகினார்கள். ஆறு வாரம் ஆயிற்று. போன வாரம் காலியோ லேக் ஊரே வந்து அர்வோவின் கையைக் குலுக்கிவிட்டு, ஏலக்காய் ரொட்டியையும் காலி செய்துவிட்டுப் போனது.

அந்தக் குட்டிக் குழாய்தான் இப்போது அர்வோவின் சிறுநீரகத்துக்குப் போகும் ஒரே வாசல்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு லோர்னா அப்பா வீட்டுக்கு வந்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. பூட்ஸைத் தட்டிக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவள், சமையலறை மேஜையில் அர்வோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முன்னால் காபி. ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

அர்வோ காபியை ஆற விட்டதாக அந்த வீட்டின் சரித்திரத்தில் இல்லை.

"என்னப்பா, காபி குடிக்கலையா?"

"குடிக்கணும்."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. முதுகுல பிடிச்சுக்கிச்சு."

"எந்தப் பக்கம்?"

அர்வோ இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். லோர்னா இருபத்து மூன்று வருஷமாக டயாலிசிஸ் நர்ஸாக இருப்பவள். அடுத்த கேள்வியைக் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்டாள்.

"கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனீங்க?"

"போயிருப்பேன்."

"எப்போன்னு கேட்டேன்."

"நேத்து." கொஞ்ச நேரம் யோசித்தார். "நேத்து மத்தியானம்."

லோர்னா குனிந்து அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தபோதுதான் ஜன்னலுக்கு வெளியே கொடியில் விறைத்துத் தொங்கும் இரண்டு துண்டுகள் கண்ணில் பட்டன. கொல்லையில் இருந்த மரக்குடிலின் கூரைப்பனி புகைபோக்கியைச் சுற்றி வட்டமாக உருகியிருந்தது.

"சவுனா போட்டீங்களா?"

அர்வோ ஆறிய காபியை நகர்த்தி வைத்தார். கேட்கவே தேவையில்லை. அந்த ஊர் ஃபின்லாந்துக்காரர்களுக்குச் சனிக்கிழமை ஆவிக்குளியல் என்பது கோயிலுக்குப் போவதைவிடப் பெரிசு. கல்யாணமானாலும் சாவானாலும் சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பு மூட்டியாக வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னுமாக அர்வோ எட்டுச் சனிக்கிழமைகளை இழந்திருந்தார். ஒவ்வொன்றும் அவருக்குக் கணக்கில் இருந்தது.

வாசலில் பனி வாரும் வண்டியின் சத்தம் கேட்டது. வெய்ன். ஊராட்சிச் சாலைகளில் பனியைத் தள்ளிவிட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கும் தன் அறைக்குத் திரும்பி வருகிறான். தாடியில் பனி ஒட்டியிருக்க, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"வாக்கா. முட்டை போடட்டுமா?"

"நேத்து அடுப்பு மூட்டினது யாருடா?"

சிரிப்பு நின்றது. "நான்தான். நான் மூட்டலன்னா அவரே விறகு தூக்கியிருப்பாரு. தையல் பிரிஞ்சுடும்னு நான்..."

"எவ்வளவு நேரம் உள்ள இருந்தாரு?"

"கால் மணி... இருபது நிமிஷம். கீழ்ப் படியிலதான் உக்கார வச்சேன். சூடு கூட அதிகம் வைக்கல."

"தண்ணி?"

"ஒரு பீர் குடிச்சாரு."

லோர்னா போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அதற்கப்புறம் அவள் வெய்னிடம் கத்தியது பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே, சூட்டில் உட்காரக்கூடாது, உடம்பில் தண்ணீர் வற்றக்கூடாது, ரத்த அழுத்தம் இறங்கக்கூடாது, ஓட்டம் குறைந்தால் அந்தக் குட்டிக் குழாயில் ரத்தம் தேங்கிக் கட்டிவிடும் என்று! சொல்லும்போது இவனும்தானே அங்கே நின்றுகொண்டு தலையாட்டினான்!

"லோர்னா, போதும்," என்றார் அர்வோ.

அவள் நிறுத்தவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் உள்ளே வந்து, ஸ்ட்ரெச்சரை விரித்து, அர்வோவைப் படுக்க வைக்கும் போதுதான் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது.

"ஒரு கிட்னியை வாங்கிக்கிட்ட. இன்னொண்ணையும் வேக வச்சுட்டியேடா, பாவி!"

வெய்ன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நாற்பத்து மூன்று வயது ஆள், ஆறடி மூன்றங்குலம். ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்வரை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

தண்டர் பே பெரியாஸ்பத்திரிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். ஆம்புலன்ஸின் பின் ஜன்னல் வழியே வெய்னின் லாரி தொடர்ந்து வருவது லோர்னாவுக்குத் தெரிந்தது. ஓரிடத்தில் பெரிய மான் ஒன்று சாலையைக் கடக்க, எல்லோரும் நின்றார்கள். அது அவசரமே படாமல் நின்று, பார்த்து, அப்புறம் போயிற்று. லோர்னா அந்த மிருகத்தையும் திட்டினாள்.

"அதுக்கு என்ன தெரியும்," என்றார் அர்வோ.

அன்று காலையில் அவர் தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

டாக்டர் ஷார்போனோ ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் வந்திருந்தாள். கம்பளித் தொப்பியை இழுத்துக் கழற்றியதில் முடி நட்டுக்கொண்டு நின்றது. ஆறு வாரத்துக்கு முன்னால் குழாய் வைத்தவள் அவள்தான். அர்வோவின் விலாவில் குளிர்ந்த களிம்பைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

ரத்தம் ஓடினால் சிவப்பும் நீலமுமாகத் துடிக்க வேண்டிய இடம் அது. பத்து நாளைக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில்கூட அங்கே நிறம் துடித்ததை லோர்னா கண்ணால் பார்த்திருக்கிறாள். இன்று வெறும் சாம்பல். டாக்டர் கருவியைச் சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். அர்வோவை மூச்சை அடக்கச் சொன்னாள். சாம்பல்தான்.

"பெருந்தமனிக் குழாய் நல்லா இருக்கு," என்றாள் டாக்டர். "கிட்னிக்குப் போற சின்னக் குழாய் அடைச்சிருச்சு. வலி எப்போ ஆரம்பிச்சது?"

"நேத்து ஆறு மணி," என்றான் கதவருகே நின்ற வெய்ன். "சவுனா முடிஞ்சு வெளிய வந்ததும் முதுகு பிடிச்சிருக்குன்னாரு. நான்தான் மூட்டினேன். என் தப்பு."

டாக்டர் அவனைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பதினேழு மணி நேரம்.

"கிட்னி இவ்வளவு நேரம் ரத்தம் இல்லாம தாங்கறது கஷ்டம். ஆனா ஒரே கிட்னி. முயற்சி பண்ணாம விடமாட்டேன். தொடை வழியா உள்ள போய் ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுக்கறேன். சாயம் செலுத்திப் படம் எடுக்க வேண்டியிருக்கும்."

"சாயம் கிட்னிக்கு ஆகாதே," என்றான் வெய்ன். போன முறை அவள் அந்தச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலுத்தியதை அவனும் கேட்டிருக்கிறான்.

டாக்டர் லோர்னாவைப் பார்த்தாள். லோர்னாவுக்குப் புரிந்தது. சாயம் கெடுப்பதற்கு அங்கே இனி ஒன்றும் இல்லை.

"ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை?" டாக்டர் ஏட்டைப் புரட்டினாள். "வெள்ளை ஒண்ணு, ரோஸ் ஒண்ணு. ரெண்டும் தவறாம போகுதா?"

"நான்தான் டப்பா நிரப்பறேன் டாக்டர். மூணு வாரத்துக்கு மொத்தமா. ஒரு வேளை கூடத் தவறல."

சொன்னபோது லோர்னாவின் குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அர்வோ மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

டாக்டர் ஏட்டில் எழுதிக்கொண்டு தயார் செய்யப் போனாள். வெய்ன் லாரியை வேறிடத்தில் நிறுத்தப் போனான். திரைச்சீலைக்குள் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

"லோர்னா."

"சொல்லுங்கப்பா."

"ரோஸ் மாத்திரை நான் சாப்பிடல."

அவளுக்கு முதலில் காதில் விழுந்ததே தவிர மனதில் இறங்கவில்லை.

"என்னது?"

"நீதானே நிறுத்தச் சொன்ன. மூக்குல ரத்தம் வந்துச்சே, அன்னிக்கு."

அன்றைக்கு. லோர்னா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். புதன்கிழமை. இந்தப் புதன் இல்லை, அதற்கு முந்தினது. டயாலிசிஸ் அறையில் ஆறு நாற்காலியும் நிறைந்திருந்தன. ஒரு நோயாளிக்கு ஊசி ஏற்றிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டிருந்தாள். எப்போதும் அவள்தான் கூப்பிட வேண்டும். அர்வோவைப் பொறுத்தவரை போன் என்பது சாவு சொல்வதற்கு. ஒரு மணி நேரமாக மூக்கில் ரத்தம் நிற்கவில்லை என்று அவர் சொன்னார். 'ரோஸ் மாத்திரையை நிறுத்தி வைங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டு நானே கூப்பிடறேன், அதுவரைக்கும் தொடாதீங்க' என்று இவள் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது நாற்காலியில் மிஷின் அலறியது. ஓடினாள். அந்த ஆளுக்கு ரத்த அழுத்தம் சரிந்து, காலைத் தூக்கிப் பிடித்து, அது இதென்று ஒரு மணி நேரம் ஆயிற்று.

டாக்டரிடம் கேட்கவில்லை. அப்பாவைக் கூப்பிடவும் இல்லை. சுத்தமாக மறந்தே போனாள். அடுத்த நாளே ஸ்கேனுக்கு அழைத்து வந்தபோது ஓட்டம் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தில் அது அவள் மனதின் பக்கத்திலேயே வரவில்லை.

"அதுக்கப்புறம் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தேனேப்பா! ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?"

"நீ மறக்கற ஆளா?" அர்வோ அவளைப் பார்த்தார். நிஜமாகவே அவருக்கு அது புரியவில்லை. "டாக்டர் இன்னும் யோசிக்கறாங்கன்னு நினைச்சேன். நீ சொல்லுவன்னு இருந்தேன்."

"பதினோரு நாளாப்பா?"

"பதினொண்ணு. எடுத்துத் தனியா வச்சிருக்கேன். வீணாகக்கூடாதேன்னு."

லோர்னாவுக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நர்ஸ் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தச் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்று புதிதாக வரும் பெண்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். மகள் என்கிற உரிமையில் சொல்லிவிட்டு, நர்ஸ் என்கிற திமிரில் மறந்துவிட்டாள்.

"நான் போய்ச் சொல்லிடறேன்," என்றாள்.

"வேணாம்."

"அப்பா..."

"உன் வேலை போயிடும். சொன்னா கிட்னி திரும்பி வந்துடுமா? வராது." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விறகு பிளந்து காய்த்துப்போன கை. "சவுனான்னே இருக்கட்டும். சவுனா தாங்கும்."

"வெய்ன் தாங்கமாட்டான்."

"அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

பத்தொன்பது வருஷமாகப் பேசாத மனுஷர் இன்று என்ன பேசிவிடப் போகிறார்! அதற்குள் திரைச்சீலை விலகியது. இரண்டு பேர் வந்து கட்டிலின் சக்கரத்தை விடுவித்தார்கள். அர்வோ அவள் கையை விட்டார். கட்டில் வளைவில் திரும்பும்வரை லோர்னா நின்று பார்த்தாள்.

காத்திருக்கும் அறையில் வெய்ன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் இரண்டு காபி. ஒன்று அவளுக்கு. காலையில் அவள் சொன்னதற்குப் பிறகும் அவளுக்குக் காபி வாங்கி வைத்திருக்கிறான். லோர்னா உட்கார்ந்தாள். சுவரில் தொலைக்காட்சியில் ஹாக்கி ஓடியது. ஊரில் என்றால் இந்நேரம் வெய்ன் நடுவரைத் திட்டித் தீர்த்திருப்பான். இன்று யார் ஆடுகிறார்கள் என்றுகூட அவன் பார்க்கவில்லை.

"அக்கா."

"ம்."

"இதைத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

"எதை?"

அவன் வலது அடிவயிற்றில் கையை வைத்துக் காட்டினான். அங்கேதான் அப்பாவின் சிறுநீரகத்தைப் பொருத்தியிருந்தார்கள். சட்டைக்கு மேலேயே லேசான புடைப்பு தெரியும்.

"அப்படியெல்லாம் முடியாதுடா."

"கேட்டுத்தான் பாக்கலாமே. அவரோடதுதானே. அவர் உடம்பு ஏத்துக்காதா? நான் மிஷின்ல உக்காந்துக்கறேன். உக்காந்து பழக்கம்தான் எனக்கு."

"வெய்ன், வாயை மூடு."

"நீ சொன்னது சரிதான்க்கா. நான் யோசிச்சிருக்கணும். கீழ்ப் படியில உக்கார வச்சா போதும்னு நினைச்சேன். அவர் எவ்வளவு சந்தோஷமா இருந்தாரு தெரியுமா? கல்லு மேல தண்ணி ஊத்தினதும் கண்ணை மூடிக்கிட்டு, 'நல்லா இருக்கு'ன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு." வெய்ன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நல்லா இருக்குன்னு அவர் எதையாவது சொல்லி நீ கேட்டிருக்கியா?"

லோர்னா கேட்டதில்லை.

சொல்லிவிடலாம் என்று அவள் நான்கு முறை வாயைத் திறந்தாள். ஒரு முறை 'வெய்ன்' என்று கூப்பிடக்கூடச் செய்தாள். அவன் திரும்பிப் பார்த்ததும், "காபி ஆறிடுச்சு" என்றாள். பயம். வேறொன்றும் இல்லை, வெறும் பயம். வேலையும் பென்ஷனும் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். தன்னை இப்படி நம்பிப் பார்க்கும் கண் இனி எப்படிப் பார்க்கும் என்ற பயம் அதைவிடப் பெரிசாக இருந்தது. சின்ன வயசிலிருந்தே அந்த வீட்டில் தப்பே செய்யாதவள் அவள். வெய்ன்தான் காரை ஏரியில் விட்டவன், பள்ளிக்கூடத்தை விட்டவன், கட்டின பெண்டாட்டியை விட்டவன். ஒவ்வொரு முறையும் அவனைத் திட்டித் திட்டியே அவள் நல்லவளாக இருந்து பழகியிருந்தாள்.

மூன்று மணிக்கு டாக்டர் ஷார்போனோ வந்தாள். எக்ஸ்ரே படாமலிருக்கப் போட்டிருந்த ஈய அங்கியைக் கழற்றியிருந்தாள். முதுகில் வியர்வை படர்ந்திருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே லோர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தியை இவர்கள் நின்றுகொண்டே சொல்வார்கள்.

"கட்டியை எடுத்துட்டேன். குழாய் திறந்திருச்சு. ரத்தம் வாசல் வரைக்கும் போகுது," என்றாள். "கிட்னிதான் வாங்கிக்க மாட்டேங்குது. ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். மறுபடியும் படம் எடுத்தேன். போயிருச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

வெய்ன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். பெரிய முதுகு குலுங்கியது, சத்தம் வரவில்லை.

"முழிச்சிருக்காரா?" என்று கேட்டாள் லோர்னா.

"முழிச்சுத்தான் இருக்காரு. சொல்லிட்டேன். நாளைக்கே டயாலிசிஸ் ஆரம்பிச்சாகணும், இல்லன்னா பத்து நாள்கூட தாங்காதுன்னேன். வாரத்துக்கு மூணு நாள்னேன்." டாக்டர் தயங்கினாள். "சனிக்கிழமை விடுவீங்களான்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல."

லோர்னாவுக்குத் தெரியும். காலியோ லேக்கில் மொத்தமே ஆறு நாற்காலி. ஆறும் நிறைந்திருக்கின்றன. செவ்வாய், வியாழன், சனி வருகிற ஐலீன் அம்மாளுக்கு இந்த மாதம் தாண்டாது. அவள் போனால்தான் அப்பாவுக்கு இடம். அதுவரைக்கும் இந்த நகரத்திலேயே கிடக்க வேண்டும். ஒரு கிழவி சீக்கிரம் போக வேண்டுமே என்று தன் மனசு கணக்குப் போடுவதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அப்படியே இடம் கிடைத்தாலும் சனிக்கிழமையில்தான் கிடைக்கும். அர்வோ வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார் என்றும் அவளுக்குத் தெரிந்தது. கொடுக்கும்போதும் ஒரே வார்த்தைதானே.

டாக்டர் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் எனக்கு உதைக்குது," என்றாள். "ஒரு தடவை சவுனால உக்காந்ததுக்கா இப்படி? தண்ணி வத்தினது காரணமா இருக்கலாம். ஆனா ரெண்டு மாத்திரையும் ஒழுங்கா போயிருந்தா இவ்வளவு கெட்டியா உறைஞ்சிருக்கக்கூடாது. உள்ள பார்த்தேனே, பழைய கட்டியும் இருந்துச்சு. ஒரே நாள்ல வந்தது இல்ல."

லோர்னா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்படின்னா ரோஸ் மாத்திரை அவர் உடம்புல வேலையே செய்யலன்னு அர்த்தம். சில பேருக்குச் செய்யாது. பெரிய குழாயிலேருந்து ரெண்டு காலுக்கும் பிரியற கிளைக்குழாய் இன்னும் உள்ள இருக்கு. அதுல உறைஞ்சா காலே போயிடும். அதனால இதைவிட வலுவான மருந்துக்கு மாத்தப் போறேன், இப்பவே. கிட்னி போன உடம்பு, தொடையில புதுசா ஓட்டை போட்டிருக்கேன். ரத்தக்கசிவு ஆபத்து இருக்கத்தான் செய்யுது. ஆனா வேற வழியில்ல. மாத்திரை தவறியிருந்தா இது தேவையே இல்ல, பழையதையே தொடரலாம். அதான் மறுபடியும் கேக்கறேன்..."

வெய்ன் தலையை நிமிர்த்தினான். கண் சிவந்திருந்தது.

"அதுல சந்தேகமே வேணாம் டாக்டர். எங்கக்கா டப்பா நிரப்பினா தவறவே தவறாது. என்னோட மாத்திரையையும் பத்தொன்பது வருஷமா அவதான் பாத்துக்கறா. அப்பா எந்திரிச்சதும் முதல் வேலை அந்த டப்பாதான். தப்பு சவுனாதான். நான்தான். வேற எங்கயும் தேடாதீங்க."

டாக்டர் லோர்னாவைப் பார்த்தாள்.

"சரிதானே?"

சிறுநீரகம் போன உடம்பில் வலுவான மருந்து என்ன செய்யும் என்று லோர்னாவுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரத்தம் கசிந்து வெளுத்துப்போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஒருவரைத் தன் கையாலேயே தாங்கியிருக்கிறாள். 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். பக்கத்தில் தம்பியின் முழங்கை அவள் முழங்கையில் உரசிக்கொண்டிருந்தது.

லோர்னா தலையசைத்தாள்.

"ஆமா. தவறல."

டாக்டர் எழுந்தாள். கதவைத் தாண்டி, தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும் நர்ஸ்களின் மேஜைக்கு நடந்து போனாள். ஞாயிற்றுக்கிழமையானதால் தாழ்வாரம் காலியாக இருந்தது. பேச்சு தெளிவாகக் கேட்டது. மருந்தின் பெயர், அளவு. எதிர்ப்பக்கத்து நர்ஸ் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். அலமாரியின் பூட்டு திறந்தது.

வெய்ன் தன் பெரிய கையை அக்காவின் தோளில் வைத்தான்.

"நீயாவது ஒழுங்கா இருந்தியேக்கா," என்றான். "நீ இல்லன்னா அப்பாவை எப்பவோ கொன்னிருப்பேன்."